மொறிஸ் மைனரின் பைபாஸ் ஹோஸ்: ஹெட்டைத் தூக்காமல் மாற்றுவது எப்படி?

கேள்வி

ஐயா, வணக்கம். எங்களிடம் 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறது. அப்பா ஓடிய கார். மாற்றப்படாத 948 சிசி எஞ்சின். ஹீற்றர் இல்லை. கொஞ்ச நாளாக, ஓடிவிட்டு வந்து நிறுத்தினால் எஞ்சினின் முன்பக்கத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கிழமைக்கு அரை லீற்றர் வரை ஊற்ற வேண்டியிருக்கிறது. காட்டிய முதல் கராஜில், "தெர்மோஸ்ரற்றுக்குக் கீழ இருக்கிற சின்ன ஹோஸ்தான் ஒழுகுது, அதை மாத்த ஹெட் கழட்ட வேணும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "எங்கட வெயிலுக்கு அந்த ஹோஸே தேவையில்லை. ரெண்டு பக்கமும் அடைச்சு, தெர்மோஸ்ரற்றையும் எடுத்து விடுவம்" என்றார்கள். யார் சொல்வதைக் கேட்பது? நானே வீட்டில் செய்யக்கூடிய வேலையா? ஸ்பனர் பிடித்துப் பழக்கம் உண்டு. அடுத்த மாதம் குடும்பத்தோடு கண்டிக்குப் போக இருக்கிறோம்.

– கோண்டாவில் வாசகர்

பதில்

இரண்டு யோசனையும் வேண்டாம். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை, ஹோஸை அடைக்கவும் கூடாது. தண்ணீர்ப் பம்பைக் கழற்றினால் அந்தச் சின்ன ஹோஸ், அதாவது பைபாஸ் ஹோஸ், கைக்கு வந்துவிடும். ஸ்பனர் பிடித்துப் பழகியவர் சனி, ஞாயிறு இரண்டு நாளை ஒதுக்கினால் வீட்டு முற்றத்திலேயே ஆறுதலாக முடிக்கக்கூடிய வேலை. சாமானை முதலே வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதியில் கடைக்கு ஓடினால்தான் இந்த வேலை ஒரு கிழமை இழுபடும்.

ஆனால் முதலில், ஒழுகுவது அந்த ஹோஸ்தானா என்று நீங்களே உறுதிப்படுத்த வேண்டும். எஞ்சினின் முன்பக்கத்தில் ஒழுகக்கூடிய இடங்கள் மூன்று: தெர்மோஸ்ரற் (தண்ணீர் சூடானதும் ரேடியேற்றருக்கு வழிவிடும் வால்வு) மூடியின் கஸ்கற் (ஒழுகாமல் இடையில் வைக்கும் தாள்), பைபாஸ் ஹோஸ், தண்ணீர்ப் பம்பு. மூன்றும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருப்பதாலும், விசிறி தண்ணீரை வீசியடிப்பதாலும், சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஒழுகுகிற இடத்தைச் சொல்ல முடியாது. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு அந்தப் பகுதியைத் துடைத்துக் காயவிட்டு, குழந்தைக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்திவிட்டு, சின்னக் கண்ணாடி ஒன்றையும் டோர்ச்சையும் வைத்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். பம்பின் உடலில், அச்சுக்குக் கீழே சின்னத் துவாரம் ஒன்று இருக்கும். அதிலிருந்து தண்ணீர் வந்தால் பம்பின் உள் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தத் துவாரத்தை யாராவது அடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகாமல் வெளியேறத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

பைபாஸ் ஹோஸ் மைனரில் இருக்கும் தண்ணீர் ஹோஸ்களில் மிகச் சின்னது. ஹெட்டின் முன் அடியில் இருந்து கீழ்நோக்கி ஒரு குழாய் முனையும், பம்பின் மேலிருந்து மேல்நோக்கி ஒரு குழாய் முனையும் வரும். இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளிதான். அந்த இடைவெளியை மூடி, இரண்டு முனைகளையும் கவ்விக்கொண்டிருப்பது இந்த ஹோஸ். இடைவெளியைவிட ஹோஸ் நீளமாக இருப்பதால், ஹெட்டும் பம்பும் இருந்த இடத்தில் இருக்க நேர் ஹோஸை உள்ளே செருக முடியாது. "ஹெட் கழற்ற வேணும்" என்ற பேச்சு வருவது இதனால்தான். இரண்டில் ஒன்று அசைய வேண்டும் என்பது உண்மை. அசைக்க வேண்டியது பம்பை. ஹெட்டைத் தூக்கினால் புது ஹெட் கஸ்கற், 40 அடி-இறாத்தலுக்கு வரிசைப்படி இறுக்குவது, வால்வு இடைவெளி பார்ப்பது என்று வேலை மூன்று மடங்காகும். ஹெட் கஸ்கற் ஏற்கெனவே போயிருந்தால் மட்டும் அந்த வழி சரி.

அடைத்துவிடும் யோசனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இதைப் பலர் செய்கிறார்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது தெர்மோஸ்ரற் மூடியிருக்கும். ஹெட்டில் இருந்து ரேடியேற்றருக்குத் தண்ணீர் போக வழி இல்லை. ஆனால் பம்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போது தண்ணீர் ஹெட்டில் இருந்து இந்தச் சின்ன ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்பி, மறுபடி சிலிண்டர்கள் உள்ள புளொக்குக்குள் போகிறது. இப்படிச் சுற்றுவதால்தான் எஞ்சின் முழுவதும் ஒரே சீராகச் சூடாகிறது. ஹோஸை அடைத்தால், தெர்மோஸ்ரற் திறக்கும்வரை தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். எக்ஸோஸ்ற் வால்வுகளைச் சுற்றிய பகுதி கொதிக்கத் தொடங்கினாலும், தெர்மோஸ்ரற் இருக்கும் முன்மூலைக்கு அந்தச் சூடு நேரத்துக்கு வந்து சேராது. ஹீற்றர் உள்ள கார்களில் அதன் குழாய் திறந்திருந்தால் தண்ணீருக்கு வேறு ஒரு பாதை கிடைக்கும். உங்களுடையதில் அதுவும் இல்லை.

தெர்மோஸ்ரற்றை எடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீருமே என்பார்கள். அதற்கு வேறு விலை இருக்கிறது. எடுத்த பிறகு ஏ9 வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடிக்க ஓடும்போது எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராது. ஒயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கறுப்புச் சேறாகும், பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவும், தேய்மானம் கூடும். தெர்மோஸ்ரற்றை எடுத்துவிட்டு ஹோஸை அடைக்காமல் விட்டாலும் குறைதான்: சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமல் நேரே பம்புக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே நகர நெரிசலில் சூடேறும் காருக்குத் தெர்மோஸ்ரற்றை எடுப்பது மருந்து இல்லை. அங்கே குறை பெரும்பாலும் ரேடியேற்றரின் அடைப்பில் இருக்கும். எங்கள் வெயிலுக்கு 74 பாகை செல்சியஸில் திறக்கும் தெர்மோஸ்ரற்றைப் போடுங்கள், அது போதும். 82 பாகை ஒன்று ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தால் அதையும் விடலாம்.

உங்கள் எஞ்சின் ஏ-சீரீஸ் என்ற வகை. பிற்காலத்தில் வந்த சில ஏ-சீரீஸ் எஞ்சின்களில் பைபாஸ் ஹோஸே கிடையாது, அதைக் காட்டி வாதாடுவோரும் உண்டு. அந்த எஞ்சின்களின் ஹெட்டும் பம்பும் அதற்கேற்ப வார்க்கப்பட்டவை. உங்கள் 948 அப்படி வார்க்கப்படவில்லை.

இனி எந்த ஹோஸ் என்பது. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று நேர் ஹோஸ், தடித்த சுவர், உள்ளே நூல்வலை. மற்றது மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்திபோல் சுருங்கி விரிவது. மடிப்பு ஹோஸின் வசதி, அதைக் கையால் அமுக்கிச் சுருக்கி, எதையும் கழற்றாமல் இடைவெளிக்குள் செருகிவிடலாம் என்பது. அதனாலேயே கராஜ்களில் அதைத்தான் பூட்டுவார்கள். ஆனால் மடியவேண்டும் என்பதற்காக அதன் சுவரை மெல்லியதாகச் செய்திருக்கிறார்கள். ஹெட்டிலிருந்து வரும் கொதிநீர் நேரே படுகிற இடம் இது. மேலே ரொக்கர் கவரில் (ஹெட்டின் மேல் உள்ள வால்வு மூடி) இருந்து கசியும் ஒயிலும் இதன் தலையில்தான் வடியும். மெல்லிய இறப்பர் இந்த இரண்டையும் நீண்டநாள் தாங்காது, மடிப்புப் பள்ளத்தில் வெடிக்கும். கிளிப் உட்காரும் கழுத்தும் கட்டையாக இருப்பதால், கிளிப் கொஞ்சம் சரிந்தாலே விளிம்பில் இருந்து நழுவும். மடிப்பு ஹோஸ் ஒன்றையும் வாங்குங்கள், ஆனால் எஞ்சினில் பூட்டுவதற்கு இல்லை. அதன் இடம் எது என்று கடைசியில் சொல்கிறேன்.

சிலிக்கோன் ஹோஸும் கிடைக்கிறது. சூட்டை நன்றாகத் தாங்கும், ஒயிலை நன்றாகத் தாங்காது. துவாரப் பட்டியுள்ள சாதாரணக் கிளிப் அதன் மென்மையான தோலை வெட்டிவிடும், உட்புறம் வழுவழுப்பான கிளிப் வேண்டும். ரொக்கர் கவர் கஸ்கற் கசியும் காருக்கு நல்ல இறப்பர் நேர் ஹோஸே என் தெரிவு. மினி காரிலும் இதே ஏ-சீரீஸ் எஞ்சின் என்பதால் மினிக்கு என்று விற்கும் நேர் பைபாஸ் ஹோஸைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், நூல்வலை உள்ள ஹீற்றர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டலாம். குழாய் முனையின் வெளிவிட்டத்தை வேர்னியரால் அளந்து, அதே உள்விட்டம் உள்ளதை எடுங்கள். நீளம், மேல் முனையின் அடியில் இருந்து கீழ் முனையின் அடிவரை உள்ள தூரத்தைவிட 3 மில்லிமீற்றர் குறைவாக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸோ பெற்றோல் ஹோஸோ இதற்கு உதவாது.

இத்தனையும் கழற்றிய பிறகு ஒரு சின்ன ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது வீண். வேலையின் செலவு முழுக்க அந்த இடத்தை அடைவதில்தான் இருக்கிறது, சாமானில் இல்லை. ரேடியேற்றரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பம்பு கஸ்கற், தெர்மோஸ்ரற், அதன் கஸ்கற், விசிறி பெல்ற், எல்லா ஹோஸுக்கும் புதுக் கிளிப்கள் என்று ஒரேயடியாக வாங்கிவிடுங்கள். பம்பு எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் பம்பையும் சேருங்கள். புதுப் பம்பு வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து, கப்பி பூட்டும் தட்டின் உயரம், போல்ட் துவாரங்கள், பைபாஸ் முனை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏ-சீரீஸ் பம்புகளில் பைபாஸ் முனை இல்லாத வகையும் விற்கிறது, அதைக் கொண்டுவந்துவிட்டு அந்தரிக்க வேண்டாம்.

கருவிகளில் ஒரு விடயம். இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குல அளவு. பம்பிலும் தெர்மோஸ்ரற் மூடியிலும் அரை அங்குல ஏ.எஃப் (போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அளவு) ஸ்பனர் வரும், விசிறி போல்ட்டுகளுக்கு 7/16 ஏ.எஃப். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13ஆம் நம்பர் ஸ்பனரைப் போட்டால் முதலில் பொருந்துவதுபோல் இருக்கும், இறுகிய போல்ட்டில் மூலையை உருட்டிவிடும்.

கழற்றும் வேலைக்கு எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பற்றரியின் வயரைக் கழற்றுங்கள். மைனரில் பொசிற்றிவ் பக்கம்தான் உடலோடு பூட்டியிருக்கும், திரும்பப் பூட்டும்போது மாறிவிடாமல் இப்போதே அடையாளம் வையுங்கள். ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு, ரேடியேற்றரின் அடியிலும் புளொக்கின் பின்பக்கத்திலும் உள்ள இரண்டு வடிகால்களையும் திறவுங்கள். புளொக் வடிகாலில் தண்ணீர் வராவிட்டால், உள்ளே ஊத்தை அடைத்திருக்கிறது, ஒரு கம்பியால் குத்தி விடுங்கள். முழுதாக வடிந்தால் ஏறக்குறைய 5 லீற்றர் வரும். வந்தது அதைவிட நன்றாகக் குறைவு என்றால், மிச்சம் புளொக்குக்குள் நிற்கிறது, பம்பைக் கழற்றும்போது உங்கள் கையில் ஊற்றும். வடித்ததில் கூலன்ட் (கறள் தடுக்கும் கிளைக்கோல் திரவம்) கலந்திருந்தால் மூடிய பாத்திரத்தில் வையுங்கள். கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

பிறகு மேல், கீழ் ஹோஸ்களை எடுங்கள். பழைய ஹோஸ் வரமாட்டேன் என்று பிடித்திருந்தால் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். கூரான கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். ரேடியேற்றரின் குழாய் முனைகள் மெல்லிய பித்தளை, ஈயத்தால் ஒட்டியவை. முறுக்கினால் ஒட்டு விடும், பிறகு ரேடியேற்றர் வேலையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு பக்கத்துப் போல்ட்டுகளையும் கழற்றி ரேடியேற்றரை நேரே மேலே தூக்குங்கள். ரேடியேற்றர் இருக்கும்போதே பம்பைக் கழற்றலாம் என்று சிலர் செய்வார்கள். முடியும்தான், ஆனால் விரல் முட்டியும் ரேடியேற்றரின் செதிள்களும் சேதப்படும்.

பற்றரியை ஏற்றும் டைனமோவின் இறுக்குப் பட்டையைத் தளர்த்தி பெல்ற்றை எடுத்த பிறகு, டைனமோவையே கழற்றி ஒதுக்கிவிடுங்கள். அதன் முன் மேல் போல்ட் பம்பின் காதில்தான் பூட்டியிருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பம்பு வராது. டைனமோவின் இரண்டு வயர்களில் எது எங்கே என்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். விசிறியும் கப்பியும் நான்கு போல்ட்டுகளில் கழன்று வரும்.

இப்போது பைபாஸ் ஹோஸைக் கத்தியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். அது விட்டுப்போனால் பம்பைப் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு போல்ட்டுகள் மட்டும். அவற்றைக் கழற்றும்போது, மட்டைத் துண்டு ஒன்றில் பம்பின் வடிவத்தைக் கீறி, ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய இடத்தில் குத்தி வையுங்கள். நீளங்கள் வித்தியாசப்படலாம். நீளமானதைக் கட்டையான துவாரத்தில் போட்டால் போல்ட் இறுகிவிடும், பம்பு இறுகாது, ஒழுக்கு அப்படியே இருக்கும். போல்ட் கழன்றும் பம்பு ஒட்டியிருந்தால், மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரைப் பம்புக்கும் புளொக்குக்கும் நடுவில் செருகி நெம்பக்கூடாது. கஸ்கற் உட்காரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால், எத்தனை கஸ்கற் மாற்றினாலும் அந்த வழியாகக் கசியும்.

இந்த வேலையில் நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் ஹெட்டின் அடியில் உள்ள குழாய் முனை. புது ஹோஸ் போட்டு ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்று சொல்லும் கார்களில் குற்றம் பெரும்பாலும் இங்கேதான். பழைய ஹோஸின் இறப்பர்த் தோலும், கறளும், வெள்ளைச் சுண்ணாம்பும் சேர்ந்து அந்த முனையில் ஒரு பொருக்காக ஒட்டியிருக்கும். முதலில் புளொக்கில் பம்பு இருந்த வாயைத் துணியால் அடையுங்கள், ஊத்தை உள்ளே விழக்கூடாது. விரல் அகலத்தில் 120ஆம் நம்பர் உரஞ்சுதாளைக் கிழித்து, முனையைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை இழுக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முழுச் சுற்றும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விரலுக்குத் தெரியும். கறள் தின்று பள்ளம் விழுந்திருந்தாலோ, அமுக்கினால் முனை ஆடினாலோ, ஹோஸைப் போட்டு கிளிப்பை இறுக்கி ஒப்பேற்ற முடியாது. அந்த முனை ஹெட்டோடு சேர்த்து வார்த்தது இல்லை, தனித் துண்டு. லேத் பட்டறையில் அதே அளவில் ஒன்று கடைந்து மாற்றலாம். அதற்கு ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தாலும் வரலாம். ஆகவே புதுச் சாமான்களைப் பூட்டத் தொடங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

தெர்மோஸ்ரற் மூடி அலுமினியம், அதைப் பிடிக்கும் மூன்று ஸ்டட்டுகள் (ஹெட்டில் நிற்கும் திருகுத் தண்டுகள்) இரும்பு. இரண்டுக்கும் இடையில் உப்புப் பூத்துக் கட்டியாகப் பிடித்துவிடும். நட் மூன்றும் கழன்றும் மூடி அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சுடுகாற்றுத் துப்பாக்கியால் மூடியைச் சூடாக்கி, மரக்கட்டையால் இடமும் வலமும் தட்டித் தட்டி அசையுங்கள். அடியில் உளியை வைத்துத் தூக்கினால் காது உடையும். அப்படியும் வராவிட்டால், அது ஒழுகாமல் இருக்கும் பட்சத்தில், இந்த முறை அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஸ்டட் ஹெட்டோடு முறிந்தால் கண்டிப் பயணம் நடக்காது.

பூட்டும்போது, புது ஹோஸில் இரண்டு கிளிப்களையும் தளர்வாகப் போட்டு வையுங்கள். கிளிப்பின் திருகு டைனமோ இல்லாத பக்கத்தைப் பார்க்கட்டும். எல்லாம் பூட்டிய பிறகும் அந்தப் பக்கத்தால் ஸ்குரூ டிரைவரோ வளையும் தண்டில் பூட்டிய சின்னச் சொக்கற்றோ உள்ளே போகும். திருகு விசிறியைப் பார்த்தபடி பூட்டிவிட்டு, பிறகு இறுக்க வழியில்லாமல் ரேடியேற்றரை மறுபடி கழற்றுகிறவர்கள் பலர். ஹோஸின் உள்ளே சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள். கிரீஸ், ஒயில் வேண்டாம், இறப்பரை ஊதவைக்கும்.

ஹோஸைப் பம்பின் முனையில் அடிவரை தள்ளிவிட்டு, பம்பின் முகத்தில் புதுக் கஸ்கற்றை மெல்லிய பசையோடு ஒட்டுங்கள். பம்பைப் புளொக்கின் முன்னால் கொஞ்சம் தாழ்வாக, தலைப்பக்கம் உள்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, ஹோஸின் மேல் வாயை ஹெட்டின் முனையில் பிடிக்க வையுங்கள். ஒரு பக்க விளிம்பு ஏறியதும் பம்பை மெல்ல ஆட்டி ஆட்டி மேலே தள்ளினால் முழு வாயும் ஏறிவிடும். இன்னொருவர் பக்கத்தில் இருந்து ஹோஸின் விளிம்பை விரலால் வழிநடத்தினால் இரண்டு நிமிட வேலை, தனியாள் என்றால் பொறுமை தேவை. ஹோஸின் விளிம்பு உள்பக்கம் மடிந்து போயிருக்கிறதா என்று கண்ணாடியை வைத்துச் சுற்றிப் பாருங்கள். பிறகு நான்கு போல்ட்டுகளையும் கையால் திருகி ஏற்றி, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். முடிவான இறுக்கம் 16 அடி-இறாத்தல், அதாவது 22 நியூட்டன் மீற்றர். தெர்மோஸ்ரற் மூடியின் நட்டுகளுக்கு அதில் பாதி, 8 அடி-இறாத்தல். பம்பு இறுகிய பிறகே ஹோஸ் கிளிப்களை இறுக்க வேண்டும். கிளிப், குழாய் முனையின் நுனியில் இல்லாமல் நடுவில் உட்காரட்டும். இறப்பர் கிளிப்பின் துவாரங்களால் பிதுங்கி வருகிறது என்றால் அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டீர்கள்.

கீழ் ஹோஸ் பம்பு உறிஞ்சும் பக்கம். மென்மையான ஹோஸ் போட்டால் வேகமாக ஓடும்போது உள்நோக்கிச் சப்பையாகி ஓட்டத்தை நெரிக்கும், வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது பழைய வடிவத்துக்கு வந்துவிடும். காரணம் தெரியாமல் சூடேறும் கார்களில் இதையும் பார்க்க வேண்டும். மொத்தமான, விறைப்பான ஹோஸாகத் தெரிந்தெடுங்கள். கடையில் கிடைக்கும் கீழ் ஹோஸ்களில் ஹீற்றர் திரும்புக் குழாய்க்கு ஒரு கிளை இருக்கும். உங்களுக்குக் கிளை இல்லாததே வேண்டும். கிளையுள்ளதை வாங்கி, அதில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு அடைப்பது ஒழுகுவதற்கு இன்னும் ஓர் இடத்தைக் காசு கொடுத்து வாங்குவதுதான். ஹெட்டின் பின்பக்கத்தில் ஹீற்றர் குழாய்க்கான வாயையும் பாருங்கள். இரண்டு ஸ்டட்டில் ஒரு தகட்டால் மூடியிருக்கும். அதன் கஸ்கற் காய்ந்து தண்ணீர் பின்னால் வடிந்தால் முன்பக்கம் மாத்திரம் பார்க்கிறவருக்குத் தெரியவராது.

தண்ணீர் விடயத்தில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு தனிப் பேச்சு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் படியும் வெள்ளை எதுவோ அதுவேதான் புளொக்கின் உள்சுவரிலும் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கிழமைக்கு அரை லீற்றர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வந்திருந்தால், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்ணாம்பு சேர்த்திருக்கிறீர்கள். ரேடியேற்றர் வெளியே இருக்கும்போதே கீழ்வாயால் தண்ணீரை விட்டு மேல்வாயால் வரப்பண்ணி, தெளிவாக வரும்வரை பின்னோக்கிக் கழுவுங்கள். நிரப்புவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்றரை லீற்றர், நீல நிற எதிலீன் கிளைக்கோல் கூலன்ட் ஒன்றரை லீற்றர். எங்களுக்குப் பனி இல்லை, கூலன்ட் தேவைப்படுவது கறளைத் தடுக்க. நீண்டகாலம் பாவிக்கலாம் என்று விற்கும் ஓ.ஏ.ரி (கரிம அமிலம் சேர்த்த) வகை, ஈய ஒட்டுள்ள பித்தளை ரேடியேற்றருக்கும் பழைய சீல்களுக்கும் ஏற்றதல்ல. நிறத்தை மட்டும் நம்பாமல் போத்தலில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பெல்ற்றை, அதன் நீளமான பகுதியின் நடுவில் விரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இறுக்குங்கள். அதைவிட இறுக்கினால் புதுப் பம்பின் பெயாரிங்கைத்தான் தின்னும். கூலன்ட்டை மெல்ல மெல்ல ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் காற்றுக் குமிழி வரும். மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கு விலகி நின்று இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். முதலில் பைபாஸ் ஹோஸ் சூடாகும், மேல் ஹோஸ் குளிராகவே இருக்கும். சில நிமிடங்களுக்குப் பிறகு மேல் ஹோஸ் சடுதியாகச் சூடாகும், அப்போது தெர்மோஸ்ரற் திறந்துவிட்டது. இந்த ஒழுங்கில் நடந்தால் பம்பு, பைபாஸ், தெர்மோஸ்ரற் மூன்றும் வேலை செய்கின்றன. தொடக்கத்திலேயே மேல் ஹோஸ் சேர்ந்து சூடானால் தெர்மோஸ்ரற் திறந்தபடி நிற்கிறது. திறந்த பிறகு மட்டம் கீழே போகும், கழுத்தில் இருந்து ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி நிரப்பி மூடியைப் போடுங்கள். மேலே அந்த இடைவெளி விரிவதற்கு வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், நீங்கள் ஒழுகுகிறது என்று பயப்படுவீர்கள்.

ரேடியேற்றர் மூடியில் பொறித்த எண்ணையும் பாருங்கள். உங்கள் காருக்குச் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் மூடி போதும். மினிக்கு விற்கும் 13 அல்லது 15 இறாத்தல் மூடி கழுத்தில் பொருந்தும், ஆனால் அறுபது வருடத்துக்கு மேற்பட்ட ரேடியேற்றரின் ஒட்டுகளும் ஹோஸ்களும் அந்த அமுக்கத்துக்கு உரியவை அல்ல.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சினை முழுக்க ஆறவிட்டு எல்லாக் கிளிப்களையும் ஒருமுறை கால் சுற்று அளவில் பார்த்து இறுக்குங்கள். புது இறப்பர் சூடாகி ஆறும்போது கொஞ்சம் இளகி உட்காரும். அன்று வராத ஒழுக்கு மூன்றாம் நான்காம் நாள் குளிர்ந்த எஞ்சினில் வருவது இதனால்தான். கண்டிப் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே வேலையை முடித்து, ஊருக்குள் ஓடிப் பாருங்கள். ரொக்கர் கவர் கஸ்கற்றும் அந்த இடைவெளியில் மாற்றப்படட்டும். ஒயில் வடிவதை நிறுத்தாமல் ஹோஸை மட்டும் மாற்றினால் அதன் ஆயுளைப் பாதியாக்குகிறீர்கள்.

பிறகு வருடத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, எல்லா ஹோஸ்களையும் நடுவிலும் கிளிப்புக்குப் பக்கத்திலும் விரலால் அமுக்கிப் பாருங்கள். வெளித்தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே நீளவாக்கில் வெடிப்பு ஓடும் ஹோஸ்கள் உண்டு. நடுப்பகுதி விறைப்பாகவும் கிளிப்பை ஒட்டிய பகுதி மெத்தென்றும் இருந்தால், அது உள்ளிருந்து போய்விட்டது. கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும்.

மடிப்பு ஹோஸின் இடம் காரின் டிக்கி. இரண்டு கிளிப், ஒரு கத்தி, ஸ்குரூ டிரைவர், 5 லீற்றர் தண்ணீர் ஆகியவற்றோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு ஏ9 வழியாக ஏறக்குறைய 320 கிலோமீற்றர். வழியில் ஹோஸ் வெடித்தால் உடனே எஞ்சினை நிறுத்தி, ஒரு மணித்தியாலமாவது ஆறவிட்டு, தடித்த துணியைப் போட்டு மூடியை முதல் படிவரை மட்டும் திருப்பி அமுக்கத்தை விடுங்கள். பழையதை வெட்டி எடுத்து, மடிப்பு ஹோஸைச் சுருக்கிச் செருகி, கிளிப்களை இறுக்கித் தண்ணீர் ஊற்றலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் வெடிக்கும், ஆகவே எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ரேடியேற்றர் மூடியை முதல் படியில் தளர்வாக விட்டுவிட்டால் அமுக்கம் ஏறாது, அவசரத்தில் பூட்டிய ஹோஸும் தாங்கும். அந்த நிலையில் 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல், சூட்டைக் கவனித்துக்கொண்டு, அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் பார்த்து ஓடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பம்பைக் கழற்றி நேர் ஹோஸைப் பூட்டிவிடுங்கள்.